மடியும் லென்ஸ், முறியும் அக்ரிலிக்: நெமிலிச்சேரியிலிருந்து சென்னீர்குப்பத்துக்கு

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதியவை எல்லாம் ஆசைப்பட்டுப் போன பயணங்கள். இது போயே ஆகவேண்டியிருந்த பயணம். நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து சென்னீர்குப்பம் பக்கத்தில் இருக்கும் ஒரு கண் மருத்துவமனைக்கு, போன ஆடியில் தொடங்கித் தை வரைக்கும் ஒன்பது தடவை போய்வந்தோம். என் அக்கா மகள் யாழினிக்கு நாலரை வயது. அவளுடைய இடது கண்ணில் புரை இருந்தது.

குழந்தைக்குப் புரையா என்று கேட்காதவர்களே இல்லை. நானும் கேட்டேன். வருமாம். பிறக்கும்போதே சிறு புள்ளியாக இருந்து மெல்ல வளர்வதும் உண்டாம். எங்களுக்குத் தெரிய வந்தது ஒரு கண்கட்டியால். அவளுடைய வலது இமையில் கட்டி வந்து கண் வீங்கி மூடிக்கொண்ட இரண்டு நாளும் அவள் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள், தட்டில் இருந்த இட்லியைத் தடவித் தேடினாள். கட்டி வலி என்று முதல் நாள் நினைத்தோம். இரண்டாம் நாள் அக்கா அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டி எத்தனை என்று கேட்டாள். "நைட் ஆயிடுச்சா அம்மா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்போது காலை பத்து மணி.

தமிழில் தேடிப் பார்த்தபோது பெரியவர்களின் புரை அறுவையைப் பற்றி நிறைய கிடைத்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எழுதியது ஒன்றும் கண்ணில் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஒவ்வொரு குழந்தையின் கண்ணும் வேறு. எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வழி. நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் காலை ஏழரையை ஒட்டி ஒரு மின்ரயில் உண்டு. ஆவடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஆவடி ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையம் நடக்கும் தூரம். அங்கே பூந்தமல்லி போகும் சாதாரணப் பேருந்தில் ஏறினால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பருத்திப்பட்டு வழியாகச் சென்னீர்குப்பம் சுமார் எட்டு கிலோமீட்டர். நல்ல நாளில் இருபத்தைந்து நிமிடம், திங்கட்கிழமை என்றால் முக்கால் மணி நேரம். நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை அறுநூறு மீட்டர்.

முதல் தடவை இறங்கி நின்றதுமே ஓர் ஆட்டோ அண்ணன் வந்துவிட்டார். "கண்ணாஸ்பத்திரியா? நாப்பது குடு, ஏறு" என்றார். "நடந்தா எட்டு நிமிஷம்தானே அண்ணா?" என்றேன். "குயந்தையோட பத்து ஆவும். அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான் நாப்பது" என்றார் சிரிக்காமல். நடந்தே போனோம். பதினொன்று ஆனது.

அக்காவுக்கு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. அவளால் அலைய முடியாது. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள், நேரத்தை நகர்த்திக்கொள்ள முடியும். மாமா, அதாவது அக்காவின் கணவர் குமரேசன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். வண்டிகளின் பின்விளக்குக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் மூடி வார்ப்பது அவர் வேலை. அந்தக் கண்ணாடி மாதிரிப் பொருளின் பெயர் அக்ரிலிக். எங்கள் கதை சிக்கிக்கொண்டது அங்கேதான்.

அந்த முதல் நாள் கண்ணில் சொட்டு விட்டு, கண்பாவை விரியும்வரை உட்கார வைத்து, மூன்று மணி நேரம் ஆன பிறகு டாக்டர் எங்களை, லீவு போட்டுக் கூட வந்திருந்த மாமாவையும் சேர்த்து, உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும், வேகமாகப் பேசும் அம்மா. மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும், பத்து நாளில் தேதி தருகிறேன் என்றார். என்ன லென்ஸ் என்று மாமா கேட்டார். "அக்ரிலிக். மடிச்சு உள்ள விடுவோம், உள்ள போய் விரிஞ்சுக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையின் சீட்டை எடுத்தார். மாமா தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பேருந்து பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் சொன்னார். "அது நான் தெனம் மெஷின்ல உருக்கி ஓட்ற மால்மா. மடிச்சா முறியும். முறியலன்னா கோடு உழும். அத போயி மடிச்சி குயந்த கண்ணுல வெக்கறாங்களாம்."

"அது வேற மாதிரி அக்ரிலிக்கா இருக்கும் மாமா."

"அக்ரிலிக்னா அக்ரிலிக்தான். புளில எத்தினி வகை இருந்தாலும் புளிக்கும்ல?"

மறுநாள் அவரே மருத்துவமனைக்குப் போன் செய்து, தேதி வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டார். மடிக்காத கெட்டி லென்ஸ் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அது தூய பிஎம்எம்ஏ என்ற கெட்டி அக்ரிலிக், அவர் மெஷினில் உருகி ஓடும் அதே சரக்கு. "அது வெக்கட்டும். அது இன்னா பண்ணும், இன்னா பண்ணாதுன்னு எனக்குத் தெரியும்" என்பது அவர் கட்சி. நான் இரவெல்லாம் படித்ததைப் பகலில் சொன்னேன். அக்கா அழுதாள். ஆறு வாரம் ஓடிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாதவர்கள் நம்பிவிடுகிறார்கள். அவருக்குப் பாதி தெரியும், அதுதான் அவரைத் தூங்க விடவில்லை.

கடைசியில் நான் மருத்துவமனைக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். எடுத்த பெண் சிரிப்பார் என்று பயந்தேன். "அப்பாவைக் கேள்வியோட வரச் சொல்லுங்க. புதன்கிழமை ஒன்பதரைக்குள்ள வந்தா மேடம் உட்கார்ந்து பேசுவாங்க" என்றார்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை. மாமா ஷிப்ட் முடிந்து அம்பத்தூரிலிருந்து ரயிலில் வந்தார், நாங்கள் எதிர்த் திசையிலிருந்து வந்தோம். ஏழு ஐம்பதுக்கு ஆவடி ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் சந்தித்தோம். டீ பன்னிரண்டு ரூபாய். மாமா பையைத் திறந்து, நீளமான ஒரு தெளிவான பிளாஸ்டிக் துண்டை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். அது பட்டென்று முறிந்து ஒரு பாதி பன் ஜாடிமேல் விழுந்தது.

"பாத்தியா?" என்றார் என்னிடம்.

"இன்னா நைனா, காலங்காத்தால எவன் வண்டி லைட்ட ஒடச்சிக்கினு வந்த?" என்றார் டீ மாஸ்டர்.

யாழினி கைதட்டினாள். "நைனா, இன்னொண்ணு ஒட" என்றாள். அவள் எப்போதும் போல் முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது கண்ணை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள். கண்கட்டிக்கு முன்பு அதை நாங்கள் ஒரு செல்லப் பாவனை என்று நினைத்திருந்தோம்.

ஒன்பது பத்துக்கு மருத்துவமனை. டாக்டர் இந்தத் தடவை அவசரப்படவில்லை. மாமா முறிந்த துண்டுகளை மேசைமேல் வைத்தார். டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எத்தனை டிகிரியில இளகும்?"

"நூறத் தாண்டணும் மேடம்."

"நாங்க வைக்கிறதும் அக்ரிலிக் குடும்பம்தான். ஆனா சேர்மானம் வேற. இது இந்த ரூம் சூட்டுலயே இளகின நிலையிலதான் இருக்கு. உடம்புச் சூட்டுல இன்னும் மெத்துனு ஆயிடும். உங்களுது கண்ணாடி மாதிரி, இது ரப்பர் மாதிரி."

மேசைமேல் இருந்த இன்னொரு துண்டை மாமா விரலால் தேய்த்தார். "ஈரம் வாங்குமா?" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் கேக்கறீங்க?"

"எங்க மால் ஈரம் வாங்கும் மேடம். காய வெக்காம ஓட்டினா பீஸ் ஃபுல்லா வெள்ளி வெள்ளியா கோடு வரும். கண்ணு தண்ணிலயே கெடக்கற எடம். அதான்."

"இது சரியான கேள்வி" என்றார் டாக்டர். மடியும் அக்ரிலிக்கிலேயே இரண்டு வகை. ஒன்று தண்ணீரை நன்றாக உறிஞ்சி வைத்துக்கொள்வது. அதில் சில சமயம் சுண்ணாம்பு மாதிரி படிந்து லென்ஸே மங்கிப்போவது உண்டு. இன்னொன்று தண்ணீரை அண்டவிடாதது. குழந்தைகளுக்கு அவர் வைப்பது இரண்டாவது. கெட்டி லென்ஸ் கெட்டது அல்ல, எத்தனையோ வருடம் குழந்தைகளுக்கு அதைத்தான் வைத்தார்கள், சில கண்களுக்கு இன்றும் அதுதான் பொருந்தும் என்றார். ஆனால் அது மடியாததால் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்து தையல் போட வேண்டும். மடிவதற்கு மூன்று மில்லிமீட்டர்கூட வேண்டாம். குழந்தையின் கண் எதற்கும் பெரியவர் கண்ணைவிடக் கோபமாகப் பதில் சொல்லும், லென்ஸைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வுப் பை சீக்கிரம் மங்கும். ஓரம் கூர்மையாக வெட்டப்பட்ட இந்த மெத்து லென்ஸில் அந்தத் தொல்லை குறைவு. "குறைவுதான், இல்லாம போகாது. அதனால பையோட பின்பக்கத்தையும் அதே ஆபரேஷன்ல திறந்துடுவேன்" என்றார்.

"எவ்ளோ நாள் தாங்கும் மேடம்? எழுவது வருசம் வாணாமா?"

"இந்தப் பொருள் எழுபது வருஷம் ஒரு கண்ணுக்குள்ள இருந்து நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை, அவ்வளவு நாள் இன்னும் ஆகல. இதுவரைக்கும் தெரிஞ்சதை வச்சுச் சொல்றேன். என் வீட்டுக் குழந்தைன்னா இதைத்தான் வைப்பேன்."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் மாமாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு அவர் கூச்சத்தோடு பையிலிருந்து இரண்டு கறுப்பு ஷீட்டுகளை எடுத்தார். அவர்கள் கம்பெனியில் வார்த்த பீஸுக்குள் பின்னால் விரிசலாகும் இறுக்கம் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது இதில்தான். இரண்டையும் குறுக்காக வைத்தால் வெளிச்சம் அடைபட்டு இருட்டாகிவிடும். நடுவில் இறுக்கம் உள்ள பிளாஸ்டிக்கை வைத்தால் அந்த இடம் மட்டும் வானவில் நிறத்தில் தெரியும். "ஒரு பீஸ் காட்ட முடியுமா மேடம்?" என்றார்.

கெடு முடிந்த லென்ஸ் ஒன்றைக் காட்டுவதற்கென்றே வைத்திருந்தார்கள். உதவிக்கு இருந்த பெண் அதை உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தார். துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு கைகள். மாமா ஷீட்டுகளுக்கு நடுவில் அதை வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். இருட்டு. டாக்டர் இடுக்கியால் அதை இரண்டாக மடித்துப் பிடித்தார். மடிப்பில் ஊதாவும் மஞ்சளும் எரிந்தன. மாமாவின் முகம் மாறியது. டாக்டர் இடுக்கியை விட்டார். லென்ஸ் அவசரமே இல்லாமல், சோம்பல் முறிப்பது போல விரிந்தது. நிறங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மறுபடி இருட்டு. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இல்லை.

"இன்னொரு தபா மடிங்க மேடம்."

மூன்று தடவை மடித்தார்கள். வெளியில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ரிஜெக்ட் பண்ண ஒண்ணும் கெடைக்கல" என்றார் மாமா, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது குரல்.

"அப்ப பாஸ் போடுங்க. நான் தேதி போடறேன்" என்றார் டாக்டர். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சார். பொருளைப் பத்தி நீங்க யோசிக்கலாம். மூளை காத்திருக்காது. அந்தக் கண்ணுலேர்ந்து படம் வரலைன்னா அதை மறந்துகிட்டே போகும். எவ்வளவு நல்ல லென்ஸ் வச்சாலும் அப்புறம் பார்க்காது."

மாமா ஷீட்டுகளைப் பைக்குள் வைக்க முயன்றார், பையின் வாய் கிடைக்கவில்லை. "ஆறு வாரம் வேஸ்ட் பண்ட்டேன் மேடம்" என்றார்.

"ஆறு வாரம்தானே. ஆறு வருஷம் கழிச்சு வர்றவங்களும் இருக்காங்க. சனிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வாங்க."

இன்னொன்றும் அன்று பேசினார்கள். குழந்தையின் கண் இன்னும் வளரும் என்பதால் லென்ஸின் பவரை வேண்டுமென்றே சற்றுக் குறைத்து வைப்பார்கள், மீதிக்குக் கண்ணாடி. எனக்கு அது புரிய மூன்று கட்டுரைகள் படிக்க வேண்டியிருந்தது. மாமாவுக்கு ஒரு நொடி. "ஆறினா சுருங்கும்னு தெரிஞ்சி அச்ச கொஞ்சம் பெருசா வெட்டுவோம். அது மாதிரி" என்றார். டாக்டர் தன் சீட்டின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த அப்பாவுக்குச் சொல்ல இருக்கலாம்.

பத்து நாள் கழித்து அறுவை. முழு மயக்கம் என்பதால் காலையில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. பசித்த குழந்தையோடு ரயில், பேருந்து வேண்டாம். வெளிவட்டச் சாலையில் ஆட்டோ பிடியுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், முப்பத்தைந்து நிமிடம், முன்னூற்றைம்பது ரூபாய். தேங்காய் பன் கேட்டு அழுதுகொண்டே வந்தவள் சாலையில் காற்று முகத்தில் அடித்ததும் தூங்கிவிட்டாள். ஏழேகாலுக்கு உள்ளே எடுத்துப்போனார்கள், ஒன்பதுக்கு வெளியே. மாமா அந்த ஒன்றேமுக்கால் மணி நேரமும் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை வாசித்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்த டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார்: "விரிஞ்சிடுச்சு."

அறுவை முடிந்தால் முடிந்தது என்று நினைத்தேன். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் சொட்டு மருந்து. பிறகு கண்ணாடி. பிறகு நன்றாகத் தெரியும் வலது கண்ணைத் தினம் நான்கு மணி நேரம் ஒட்டி மூட வேண்டும், இடது கண் சும்மா இருக்காமல் பழக. தெரிகிற கண்ணை மூடினால் எந்தக் குழந்தைதான் ஒப்புக்கொள்ளும்? முதல் வாரம் ஆறு ஒட்டுப்பட்டை பிய்த்தெறிந்தாள். மாமா தன் கண்ணிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கார்த்திகை முழுக்க அவள் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். கேட்டால் "புகையா கீது" என்பாள். லென்ஸ் சரியான இடத்தில் தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். அந்த லென்ஸுக்குப் பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. மாமா "நாந்தான் லேட் பண்ட்டேன்" என்பதை அக்காவிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லுவார்.

இதே வழியில் போக இருப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் எந்தப் பொருள், தண்ணீரை உறிஞ்சும் வகையா இல்லையா, எவ்வளவு திறப்பார்கள், பின்பக்கப் பையை என்ன செய்வார்கள், பவரை எப்படி முடிவு செய்தார்கள், இவற்றைத் தேதி வாங்கும் முன் கேளுங்கள். எந்தச் சந்தேகமும் சின்னது என்று வெட்கப்பட வேண்டாம். ஆனால் சந்தேகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், அந்த வாரமே எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே வைத்த லென்ஸின் பெயரும் பவரும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைத் தருவார்கள். அதை நெகிழி உறையில் போட்டுக் காப்பீட்டு அட்டையோடு பத்திரப்படுத்துங்கள், முப்பது வருடம் கழித்து வேறொரு டாக்டர் கேட்பார். சொட்டு விட்ட நாளில் வெயில் கூசும், தொப்பி வேண்டும். திங்கட்கிழமையைத் தவிருங்கள். மருத்துவமனைக்கு எதிரே இரண்டு இட்லி முப்பது ரூபாய். சட்னி காரம், குழந்தைக்குச் சர்க்கரை கேட்டால் தருகிறார்கள்.

ஒன்பதாவது பயணம் தை மாதம், ஒரு வியாழக்கிழமை. மாமாவும் வந்திருந்தார். எட்டு இருபதுக்கு ஆவடியில் பேருந்து ஏறினோம். யாழினி கண்ணாடி போட்டு, அதன் உள்ளே வலது கண்ணில் பட்டையோடு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். காமராஜ் நகர் தாண்டியதும் அவள் என்னை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். முகத்தைத் திருப்பாமல், நேராக.

"சித்தி."

"இன்னாடி?"

"உன் மூக்குல பரு கீது."

"எங்க?"

விரலை நீட்டிச் சரியாக அதன்மேல் வைத்து அழுத்தினாள். வலித்தது. அன்று காலையில்தான் வந்திருந்தது, மிளகைவிடச் சிறியது. யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசியிருக்கவில்லை.

கம்பியைப் பிடித்து நின்றிருந்த மாமா குனிந்தார். என் மூக்கைப் பார்த்தார். மகளின் பட்டை ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை என் மூக்கைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, பேருந்து முழுக்கக் கேட்கும் குரலில் அக்காவிடம் கத்தினார்: "ஏய், உன் தங்கச்சி மூக்குல பரு கீதும்மே! பாப்பா கண்டுபுட்ச்சிச்சு! அந்தக் கண்ணாலம்மே, அந்தக் கண்ணால!"

டிக்கெட் போட வந்த கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஆமா, கீது" என்றார்.

அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள். நான் கூட்டத்தில் தலையைத் தூக்காதவள், என் படம் ஒன்றுகூட இந்த வலைப்பூவில் கிடையாது. அன்று பருத்திப்பட்டு வரைக்கும் அந்தப் பேருந்தில் இருந்த அத்தனை பேரும் என் மூக்கைப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.